பித்தளைப் பிடி வைத்த பெட்டி

எங்கள் அப்பா எதையும் எழுதி வைத்துவிட்டுச் சாகவில்லை. அவருக்கு எழுதவே வராது என்பது ஒரு காரணம். தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றை லயத்துக் காம்பராவில் குடியிருக்கிற மனிதருக்கு எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று அவரே நினைத்திருப்பார் என்பது இன்னொரு காரணம். ஆனால் இருந்தது. புளத்கொகுபிட்டிய வங்கியில் ஒரு கணக்கும் அதில் ஏழு வருடச் சேமிப்பும் இருந்தன. காலையில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பின்னேரம் கிராமத்துக்காரர்களின் காணியில் புல் வெட்டிச் சேர்த்த காசு. அது என்னையும் தம்பியையும் படிக்க வைப்பதற்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காசை எடுக்கிற வித்தை என் கையில் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. மலைப்பாம்பைக் கண்டால்கூட நின்று பார்க்கிற அப்பாவுக்குக் காசு மெஷினைக் கண்டால் நடுக்கம். சம்பளம் விழுந்த சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் நுனிக்காலில் நின்று சைபர், மூன்று, ஒன்று, ஆறு என்று அமுக்குவேன். அவர் யாரும் பார்க்கிறார்களா என்று திருடனைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

"இந்த நம்பர யாரு கேட்டாலும் சொல்லப்படாது. சாமியே வந்து கேட்டாலும் சொல்லப்படாது" என்றார் ஒரு நாள்.

"அம்மா கேட்டா?"

"ஒங்கம்மா கேக்க மாட்டா" என்று சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் அப்பா பால் வாளியோடு மரத்தடியில் விழுந்தார். எழும்பவில்லை. மத்தியானத்துக்குள் கொழும்பிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். அவர் அங்கே ஒரு இரும்புக் கடையில் சேல்ஸ்மேன். தீபாவளிக்கு வந்தால் லயத்து வாசலில் சப்பாத்தோடு நடக்கிற ஒரே ஆள் அவர்தான். பெரியப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் அழுது முடித்து முகத்தைத் துடைத்ததும், ஊர் மெச்ச ஒரு சாவு எடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும் துரையின் ஆபீசில் சொன்னால் தச்சு மடுவத்தில் ஒரு பெட்டி அடித்துக் கொடுப்பார்கள். ரப்பர் பலகைப் பெட்டி. லயத்துப் பெண்கள் கோதுமை மாப் பசை காய்ச்சி அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி, சீனி, தேயிலைத் தூள் என்று வந்து சேரும். கடன் படாமல் காரியம் நடக்கும். பெரியப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"என் தம்பிய பலகப் பெட்டியில அனுப்புறதா? டவுன் மலர்ச்சாலையிலருந்து பித்தள புடி வச்ச பெட்டி வருது. பேண்டு வருது. அவன் காசு அவன் சாவுக்குத்தானே?"

ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் இருந்த வங்கி அட்டை அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. தாலி கழுத்தில் இருக்கும்போதே புருஷனின் அண்ணனை எதிர்த்துப் பேசினால் அந்த லயம் முழுக்க அதைத்தான் பேசும்.

பெரியப்பா என்னிடம் குனிந்தார். "மகளே, அந்த மெஷின்ல அமுக்குற நம்பர் என்னம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியே வந்து கேட்டாலும் என்றாரே! கேட்பது சாமிகூட இல்லை, பெரியப்பா. பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸின் நம்பரை எடுத்துவிட்டேன். "அஞ்சு, எட்டு, ரெண்டு, நாலு."

அவர் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஆட்டோவில் போனார்.

மூன்று மணிபோல, சாவுப் பெட்டி விற்கிற மலர்ச்சாலையின் வேன் லயத்துக்குக் கீழே ரோட்டில் வந்து நின்றது. பெரியப்பா முன்சீட்டில் இருந்து இறங்கி, படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார். முதலில் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, பிறகு மெஷினுக்குப் போயிருக்கிறார். மூன்று தடவை அமுக்கியதும் மெஷின் அட்டையை விழுங்கிவிட்டது. பெட்டியை இறக்கும்போது காசு தந்தால் போதும் என்று மலர்ச்சாலை முதலாளி வேனை அனுப்பிவிட்டார்.

"பொய்யாடி சொன்ன? இத்தனூண்டு இருந்துக்கிட்டு!" என்று கையை ஓங்கினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா எழுந்தாள்.

"புள்ள மேல கை வைக்காதீங்க மாமா. பெட்டி யாரு கேட்டது?"

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்லிட்டு வேலைக்குப் போயிரும். நாளைக்கு இதுங்க ரெண்டுக்கும் கொப்பி புஸ்தகம் யாரு வாங்குறது?"

சொல்லிவிட்டு நடந்தாள். உள்ளே பிணம் கிடக்கும்போது பெண்டாட்டி வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். "ஐயோ, தாண்டாதடி, ஆகாதுடி!" என்று பெண்கள் கத்தினார்கள். ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். அம்மா இழுத்த சேலையை விடுவித்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். அவளுடைய கை சூடாக இருந்தது. நாலு பேர் பெட்டியை வேனிலிருந்து பாதி இழுத்திருந்தார்கள். பித்தளைப் பிடி வெயிலில் பளபளத்தது. எனக்குச் சத்தியமாக அந்தப் பெட்டியைப் பிடித்திருந்தது.

"ஓக்க கெனியன்ன மஹத்தயா, அப்பிட்ட எபா" என்றாள் அம்மா சிங்களத்தில். எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா, எங்களுக்கு வேண்டாம்.

டிரைவர் வயதானவர். அம்மாவின் கலைந்த தலையையும் என்னையும் பார்த்தார். செத்தது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேன் கூலியாவது வேண்டுமே என்று தலையைச் சொறிந்தார். அம்மா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு வேன் கூலியைக் கொடுத்தார். தன் தம்பியின் சாவுக்கு அவர் சொந்தக் காசில் செய்த செலவு அது ஒன்றுதான்.

அப்பா ரப்பர் பலகைப் பெட்டியில்தான் போனார். பசை காயாமல் ஒரு மூலையில் தாள் பிரிந்து ஆடியது. என்னால்தான் அப்பாவுக்குப் பித்தளைப் பிடி இல்லாமல் போனது என்று குழி மேட்டில் நின்று தேம்பினேன். அந்தக் குற்றம் வெகு காலம் என் நெஞ்சில் கிடந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா வங்கிக்குப் போனாள். மரண சாசனம், அதாவது உயில், இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி என்றால் என்னவென்று அங்கேதான் கேள்விப்பட்டாள். இல்லையென்றால் மரணப் பத்திரம் வேண்டும், கலியாணப் பத்திரம் வேண்டும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும். ஒன்றில் இருக்கிற பெயர் இன்னொன்றில் இருக்காது. பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, அரை நாள் சம்பளத்தை இழந்து, கேகாலைக்கும் புளத்கொகுபிட்டியவுக்குமாக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தாள். "நாளைக்கு வாங்க" என்றவர்களிடம் மறுநாள் காலையில் கதவு திறக்கும் முன்னே போய் நின்றாள். கடைசியில் காசு முழுவதும் வந்தது. அந்தக் காசில்தான் நான் படித்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு வேலை ஓய்வு. சேமலாப நிதிப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். தோட்டத்து ஆபீசில் கொடுத்த பழைய துண்டைப் பார்த்து, செக்ரோல் இலக்கம், அதாவது தோட்டத்துப் பேர் பதிவில் அவளுடைய நம்பர், என்ற கட்டத்தில் எழுதினேன். மூன்று, ஒன்று, ஆறு. முன்னால் ஒரு சைபர் போட்டால் அப்பாவின் மெஷின் நம்பர். பேனா நின்றுவிட்டது.

"அம்மா, இது ஒங்க நம்பரா?"

"கலியாணம் கட்டி வந்ததுலருந்து அதே நம்பர்தான். ஏன்?"

"அப்ப மெஷின் நம்பர் ஒங்களுக்குத் தெரியும்!"

"தெரியாம? எனக்கிட்ட கேட்டுத்தானே ஒங்கப்பா வச்சாரு."

"பெரியப்பா கேட்டப்ப ஏன் சொல்லல?"

அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னைய யாரு கேட்டா?" என்றாள்.

அன்று தலைமாட்டில் இருந்தவளை நான் பார்த்தபோது, அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன் அல்லவா? நான் பஸ் நம்பரைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. துக்கத்தில் எதுவும் காதில் விழவில்லையாக்கும் என்றுதான் பத்து வயதில் நினைத்தேன்.