திருத்தம் பார்க்க: தாயார்

ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த பெண் எனக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தாள். பழைய காகிதத்தை வெறுங்கையால் தொடக் கூடாதாம். நான் வேலை பார்ப்பது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். வாரத்தில் ஆறு நாள் கையுறை போட்டுத்தான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையும் விட மாட்டேன் என்கிறார்களே என்று நினைத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பாகலூர் ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை வைத்து உருவப்படம் வரைந்துகொண்டிருந்தவர். பெரும்பாலும் செத்துப்போனவர்களின் படம். ரேஷன் கார்டில் இருக்கும் கட்டைவிரல் அளவு போட்டோவைக் கொடுத்தால், சுவரில் மாட்டி மாலை போடுகிற அளவுக்கு வரைந்து கலர் கொடுத்துத் தருவார். கையில் ஆர்டர் இல்லாத நாளில் தனக்காக வாட்டர்கலர். காவேரிப்பட்டினத்தில் ஆற்று மணல், தொரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள். அதில் ஒன்று எப்படியோ பெங்களூரில் யாரோ வீட்டுச் சுவருக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் காப்பகக்காரர்கள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் நோட்டுகளையும் காகிதங்களையும் வாங்கிப் பத்திரமாக வைப்பார்களாம்.

"ஒவ்வொரு நோட்டுக்கும் நம்பர் போட்டு, உள்ள என்ன இருக்குன்னு லிஸ்ட் மட்டும் எழுதி வைங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். "நோட்டுக்குள்ள மட்டும் ஒரு புள்ளிகூட வெச்சிடாதீங்க. இருக்கிறது இருக்கிற மாதிரியே வேணும்."

மூன்று வாரத்தில் வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கடையைக் காலி செய்தபோது வீட்டுக்கு வந்த இரும்புப் பெட்டியை அதுவரை நான் திறக்கவே இல்லை. திறக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அப்பாவை எடுத்துப்போன அன்று நான் அழவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போய், அளவுமானியை வைத்து நட்டு போல்ட்டுகளை அளந்துகொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி போட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாது அல்லவா, அப்படித்தான் இருந்தேன்.

வீட்டில் இருந்த பிரச்சினை வேறு. அப்பாவின் போட்டோவை நான் பெரிதாக்கி, பிரேம் போட்டு வாங்கி வந்திருந்தேன். அம்மா அதைச் சுவரில் மாட்ட விடவில்லை. செய்தித்தாள் சுற்றியபடியே பீரோவுக்குப் பின்னால் நின்றது. சுவரில் இருப்பது தம்பியின் படம் மட்டும். பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்து நாலே மாதத்தில், பைக்கில் போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனான். ஒன்பது வருடம் ஆகிறது. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். பின்னால் நீலத்திரை, முகத்தில் சிரிப்பே இல்லை.

அப்பா அவனை வரையவில்லை. அம்மா ஒன்பது வருடமாக மன்னிக்காதது அதைத்தான்.

"ஊருக்கெல்லாம் படம் போட்டாரு. பெத்த புள்ளைக்கு ஒரு கோடு இழுக்கல. அவன் பக்கத்துல இவரு என்னத்துக்கு?" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அப்பா உயிரோடு இருந்தபோதும் இதே பேச்சுதான். அவர் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் படம் இல்லாமல் எப்படி என்று அத்தை போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் அந்தப் படம் சுவரில் ஏற வேண்டும். அதைவிட, நிஜமாகவே அவர் ஒரு கோடுகூட இழுக்கவில்லையா என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்தேன். காப்பகம் ஒரு சாக்கு.

மொத்தம் நாற்பத்தொரு நோட்டு. ஒரு பக்கம் வாட்டர்கலர், அடுத்த பக்கம் ஆர்டர் என்று எல்லாம் கலந்து கிடந்தது. ஆர்டர் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் பென்சில் முகம். மேலே பெயர். அதன் கீழே "திருத்தம் பார்க்க" என்று போட்டு, மகள், மூத்த மருமகன், வீட்டுக்காரம்மா என்று யாராவது ஒருவர். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைத் தேதி.

திருத்தம் பார்ப்பது அப்பாவின் கடை வழக்கம். கலர் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டு ஆள் வந்து பென்சில் படத்தைப் பார்த்து, எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல ஓரத்தில் எழுதிக்கொள்வார். தெலுங்குக்காரர் சொன்னால் தெலுங்கிலேயே, கன்னடக்காரர் சொன்னால் கன்னடத்திலேயே, எல்லாம் தமிழ் எழுத்தில். "மூகு சிக்கது – மகள்." மூக்கு சின்னது என்கிறாள். "நவ்வு லேது – பெண்டாட்டி." சிரிப்பு இல்லை என்கிறாள். ஒரு பக்கத்தில், "கோபமாவே இருக்கட்டும், சிரிச்சா எங்களுக்கு அடையாளம் தெரியாது – மூணு பையன்களும்." முடிந்ததும் அடியில் "பார்த்தாச்சு" என்று எழுதுவார். அந்தச் சொல் இல்லாத பக்கத்துக்குக் கலர் கிடையாது.

வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்கள் வராவிட்டால் தேதியை அடித்துவிட்டு அடுத்த வெள்ளியைப் போடுவார். ஆள் அனுப்ப மாட்டார், போன் செய்ய மாட்டார். "சாவு வீட்டுக்கு போன் போட்டு, உங்க அப்பா ரெடி, வந்து பாருங்கன்னா சொல்றது? அவங்களுக்கு மனசு வரும்போது வரட்டும்" என்பார்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்தபோது மத்தியானச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போவேன். ஒருநாள் அப்பா ஒரு கிழவரின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் பிரேம் தடியாக இருந்தது. போட்டோவில் இருந்ததோ மெல்லிய கம்பி பிரேம். தப்பாயிருக்கே என்றேன்.

"தெரியும். விட்டு வெச்சிருக்கேன்," என்றார். "எல்லாம் சரியா இருந்தா, வந்தவங்க பாத்துட்டு அழுதுட்டுப் போயிடுறாங்க. ஒரு தப்பு இருந்துச்சுன்னா, இப்படி இல்லீங்க, அப்படி இருப்பாருன்னு வாயத் தொறக்கிறாங்க. தொறந்தா நிறுத்த மாட்டாங்க. நமக்கும் ஆளு யாருன்னு வெளங்குது."

எல்லாப் படத்திலும் ஒரு தப்பு. அந்த வீட்டு ஆள் பார்த்ததும் பளிச்சென்று கண்ணில் படுகிற தப்பு. அது அப்பாவின் தொழில் ரகசியம். அப்போது எனக்கு அது சாமர்த்தியமாகப் பட்டது. அவ்வளவுதான்.

முப்பத்தேழாவது நோட்டில் தம்பி இருந்தான்.

அடையாள அட்டையைப் பார்த்து வரைந்தது அல்ல. நேராகப் பார்க்கிறான், ஏதோ சொல்ல வாயெடுத்தவன் மாதிரி. இடது புருவத்தில் கொய்யா மரத்திலிருந்து விழுந்த தழும்பு. மேலே பெயர் எழுதுகிற இடத்தில் "மகன்" என்று மட்டும். கீழே, "திருத்தம் பார்க்க: தாயார்." அதன் கீழே ஒரு வெள்ளிக்கிழமை, அடித்திருந்தது. அடுத்த வெள்ளி, அடித்திருந்தது. பக்கம் நிறைந்து, திருப்பினால் பின்பக்கத்திலும் வெள்ளிக்கிழமைகள். ஒரு வருடத்துக்கு மேல் வரும். கடைசித் தேதி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. ஓரத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

தப்பு எங்கே என்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை, காதுதான். தம்பிக்கு இரண்டு காதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டில் அவனுக்கு வடைச்சட்டி என்று பட்டம். இரண்டு பக்கமும் பிடி. படத்தில் காது இரண்டும் தலையோடு ஒட்டி, பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் முழுக்க, வெள்ளிக்கிழமை காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே அப்பா அம்மாவைக் கேட்பார். "கடைப் பக்கம் ஒரு நடை வாயேன்." அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள். "அங்க எதுக்கு? செத்தவங்க மூஞ்சியைப் பாக்கவா? எனக்கு வீட்லயே ஒண்ணு இருக்குது, போதும்." அப்பா சரி என்று கிளம்பிவிடுவார். எதற்கு என்று அவர் சொன்னதில்லை. சாவு வீட்டில் சொல்ல மாட்டார் அல்லவா, இதுவும் சாவு வீடுதான். அம்மாவோ கடை வாசலையே மிதித்ததில்லை. அவளுக்கு எந்த வழக்கமும் தெரியாது.

எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் திருத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு, பஸ் போய்விடுமே என்ற கவலையில், அந்தப் பேச்சைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். கூட்டிப் பெருக்க ஆள் தேடுகிறார் என்று நினைத்தேன். நாள் முழுக்க அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன், இது என் கண்ணில் படவில்லை. அம்மா மேல் கோபமில்லை, அப்பா மேலும் இல்லை. என் மேல்தான். அந்தக் கோபம்கூடத் தூரத்தில் யாரோ கத்துகிற மாதிரிதான் கேட்டது.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தை நகர்த்திவிட்டு அவள் முன்னால் விரித்து வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என்னடி காது?" என்றாள். "எம் புள்ளைக்கு இப்படியா இருந்துச்சு? பெத்தவருக்குக் காதுகூடவா மறந்துபோச்சு?"

"மறக்கலம்மா. நீ சொல்லணும்னு விட்டு வெச்சிருக்காரு."

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு வைப்பது, ஓரத்தில் எழுதுவது, வெள்ளிக்கிழமை. அடித்த தேதிகளைத் திருப்பிக் காட்டினேன். அம்மா ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விரலில் அவரைக்காய் நார் ஒட்டியிருந்தது. கையுறை ஞாபகம் எனக்கு வந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான் செய்வாராக்கும்?"

"எல்லாருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருக்க மாட்டனா?"

"வா வான்னு கூப்பிட்டாரேம்மா."

"கூப்பிட்டாரு," என்றாள். "நாந்தான் போவல."

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"எழுதிக்க. காது நல்லா வெளிய நிக்கணும்."

ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னது நினைவிருந்தது. கையுறையைக் கழற்றினேன். பெட்டியில் கிடந்த அப்பாவின் பென்சிலை எடுத்து, ஓரத்தில் அவர் எழுதுகிற இடத்திலேயே எழுதினேன். காது வெளியே நிற்கும் – தாயார்.

"மீசை இவ்ளோ கெடையாது. லேசா, அழுக்கு மாதிரி இருக்கும். கொறைக்கச் சொல்லு."

யாரிடம் சொல்வது? எழுதினேன்.

"தழும்பு சரியா இருக்குது. அன்னிக்கு அவர்தான் தூக்கிட்டு ஓடுனாரு ஆஸ்பத்திரிக்கு. செருப்புகூட இல்லாம ஓடுனாரு." அதையும் எழுதினேன். கொய்யா மரத்தில் ஆரம்பித்து, முதல் சம்பளத்தில் வாங்கி வந்த புடவை, அதன் நிறம் பிடிக்காமல் திட்டியது, அவன் அதைக் கேட்டுச் சிரித்தது என்று அம்மா போய்க்கொண்டே இருந்தாள். ஒன்பது வருடத்தில் அவனைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஓரம் நிறைந்துவிட்டது. அடியில் "பார்த்தாச்சு" என்று எழுதினேன்.

அம்மா அந்தச் சொல்லைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே கலர் யாரு குடுப்பா?"

காப்பகத்துக்கு எழுதிய பட்டியலை எடுத்து, மொத்தம் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்ததை அடித்து நாற்பது என்று போட்டேன். முப்பத்தேழாவது நோட்டை அம்மா எடுத்துக்கொண்டுபோய் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். வைத்தவள் அங்கேயே குனிந்து, பீரோவுக்குப் பின்னாலிருந்து செய்தித்தாள் சுற்றிய படத்தை வெளியே இழுத்தாள்.

"ஆணி எங்க இருக்குது பாரு."

தம்பிக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மா எதிர்ச்சுவர் வரைக்கும் பின்னால் போய் நின்று பார்த்தாள். கோணலாக இருக்கிறதென்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"உங்கப்பாவுக்கு மூக்கு இவ்ளோ பெருசு இல்ல," என்றாள்.

"அது போட்டோம்மா. வரைஞ்சது இல்ல."

"இருக்கட்டும். எழுதிக்க."

போட்டோவுக்கு யாராவது திருத்தம் சொல்வார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். பட்டியல் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். மூக்கு இவ்வளவு பெரிதில்லை – மனைவி.