டமாரக்காரர் நின்ற பக்கம்

எங்கள் சொந்தத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டமாரம் என்றால்தான் தெரியும். எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆகையால் மாமா முறை. கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. பெற்றவர்கள் ஒரே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட, இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா ஒருத்திதான் அவருக்கு எல்லாம்.

சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் டமாரம் அடிப்பது அவர் வேலை. ஒரு மர நாற்காலி, ஓர் இடுக்கி, கொப்பளிக்க ஒரு செம்புத் தண்ணீர், பிடுங்கிய பல்லையெல்லாம் கோத்து மாட்டிய மாலை. பல்லுக்காரரின் ஆஸ்பத்திரி அவ்வளவுதான். "வலியே தெரியாது, வாங்க வாங்க!" என்று கூவுவார். இடுக்கியைக் கண்டு மிரளக் கூடாதென்று உட்கார்ந்தவரின் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார். உட்கார்ந்தவன் அலறினால் வரிசையில் நிற்பவன் ஓடிவிடுவானே, அதற்குத்தான் டமாரம். அலறல் ஏற ஏற அடியும் ஏற வேண்டும். அதனால் டமாரக்காரர் கூட்டத்தைப் பார்த்து நிற்க முடியாது. நாற்காலிக்கு நேர் எதிரே, வாயைப் பார்த்தபடிதான் நிற்பார். உள்நாக்கு துடிப்பதைக் கண்டதும் குச்சி தானாக ஓங்கும்.

அக்காவுக்கு முப்பது வயது நடக்கும்போது இடது கடைவாய்ப்பல் வீங்கியது. "என் தம்பி இருக்குற இடம், எனக்கென்ன பயம்?" என்று நாற்காலியில் ஏறி, கண்ணைக் கட்டக் கொடுத்தாள். பல்லுக்காரர் இடுக்கியை வலது பக்கம் போட்டுவிட்டார். அக்கா தலையை ஆட்டினாள். தன் கையாலேயே இடது கன்னத்தில் அறைந்து காட்டினாள். "அது இல்ல, அது இல்ல" என்று குழறினாள். டமாரம் எல்லாவற்றையும் பார்த்தார். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். பார்த்துக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தார்.

நல்ல பல்லும் போயிற்று, தாடையும் உடைந்தது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மாமியாரும் நாத்தனாரும் கோணவாய் என்று கூப்பிடத் தொடங்கி, கடைசியில் அதுவே பெயராயிற்று. அதற்கெல்லாம் அக்கா கலங்கவில்லை. தம்பியிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

"ஏன்டா, நீ பாக்கலையா?"

"கூட்டத்தப் பாத்து நின்னேன்க்கா. உனக்கு முதுகு காட்டித்தான் நின்னேன். சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தியமா."

"அதானே. பாத்திருந்தா விட்டிருப்பியா நீ?"

அந்த ஒரு பொய்யின் மேல் நாற்பது வருஷம் அவர் அக்கா வீட்டில் கை நனைத்தார். உண்மை தெரிந்த அன்றைக்குத் தனக்கு நாதியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இடையில் ஒரு படக்காரர் சந்தைக்கு வந்து இவர்களை வரைந்துகொண்டு போனார். பல்லுக்காரர் நோயாளியின் நெஞ்சில் காலை ஊன்றிக் கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல இழுக்கிறார். நோயாளியின் செருப்பு ஒன்று ஆகாயத்தில் பறக்கிறது. விழப்போகிற பல்லுக்காக நாய் வாயைத் திறந்து காத்திருக்கிறது. எதிரே டமாரம், அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துக் காதுவரை இளிக்கிறார். இளிப்பு படக்காரர் கூட்டிப் போட்டது. கிழிந்த காதும், நின்ற இடமும் உள்ளது உள்ளபடி.

அக்காவுக்கு எல்லாப் பல்லும் கொட்டிப்போய், பல்செட் கட்ட வேண்டிய காலம் வந்தது. "வேற யாரும் வேணாம், நீ வாடா" என்று தம்பியைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்டு, அதே படம். டமாரம்தான் அதை முதலில் பார்த்தார். படத்துக்கு முதுகு காட்டி அக்காவை உட்காரவைத்தார்.

"ஃபேன் அங்கல்ல சுத்துது? இங்க புழுங்குதுடா."

"இங்கயே உக்காருக்கா. அந்தக் காத்து உனக்கு ஒத்துக்காது."

பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெண், வலியிலும் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "பெரியவரே, மேளம் அடிக்கிறவரு அப்படியே உங்க ஜாடை! காது கிழிசல்கூட அச்சு அசல்!"

அக்கா திரும்பினாள். எழுந்து போய்ப் படத்துக்கு அருகில் நின்றாள்.

"சிரிப்புப் படம்மா" என்றாள் நர்ஸ். "அந்தக் காலத்துல இப்படித்தானாம்."

அக்கா சிரிக்கவில்லை. "நீ எப்பவும் இங்கதான் நிப்பியாடா?"

"படக்காரன் தமாஷுக்குப் போட்டதுக்கா…"

"இளிப்ப விடு. நின்ன எடத்தக் கேட்டேன்."

டமாரம் கிழிந்த காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் நோட்டைத் திறந்தாள். "கூட வந்தவங்க யாரும்மா?"

"யாரும் வரல" என்றாள் அக்கா.

பல்செட் அளவாக வந்தது. நன்றாக மென்றாள். அக்கம்பக்கத்தாரிடம் வாய் ஓயாமல் பேசினாள். டமாரம் படியேறும் சத்தம் கேட்டால் மட்டும் பல்லைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிடுவாள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அவர் தின்று எழுந்து போகிறவரை உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படியே நாலு வருஷம்.

ஒரு நாள் அவரால் பொறுக்க முடியவில்லை. "திட்டவாவது திட்டேன்க்கா!"

பல் இல்லாமல் எப்படிப் பேசுவதாம் என்பதுபோல, அக்கா டம்ளரைக் காட்டினாள்.