பதினோராவது கேள்வி

கைபேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. வாங்க வருகிறவர் அனுப்பும் குறியீட்டை விற்கிறவர் ஸ்கேன் செய்யவேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. பொருளைக் கண்ணால் பார்க்காமலே முழு விலையையும் தர முன்வருகிறவரிடம் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இந்த மூன்று விதிகளையும் நான் ஒரு தாளில் தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் விநியோகித்தேன். அரைமணி நேரம் விளக்கிப் பேசவும் செய்தேன். மிஞ்சிய நகல்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அவற்றைத் திருப்பிப் போட்டு, மக்ரூன் ஆறவைக்கும் தட்டுகளில் விரித்தாள்.

துறைமுகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். நனைந்துபோன சர்க்கரை மூட்டை, நசுங்கிய இயந்திரப் பெட்டி, தாளில் இருந்தும் கிடங்கில் இல்லாத மரத்தடி, எது வந்தாலும் எங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் யார்? அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்டே பழகியவனுக்கு, அது தன் பக்கம் திரும்பும் என்று தோன்றுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மின்வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அதை என் இரண்டாவது உத்தியோகம் என்பாள். சம்பளம் இல்லாததால் லீவும் இல்லை என்பாள்.

அவளிடம் இரண்டு தட்டு கொள்ளும் மின்சார ஓவன் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் கேக், ஞானஸ்நான வீடுகளுக்கு மக்ரூன் என்று எங்கள் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருக்களுக்கும் அதில்தான் வெந்தது. தோள்பட்டை வலி வந்து, முட்டை வெள்ளையை நுரைவரும்வரை அடிக்கக் கை ஒத்துழைக்காமல் போனபோது, அதை விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். “சும்மா கெடந்தா துருப் பிடிச்சிரும். யாருக்காவது ஒழைக்கட்டும்.” நான் நான்கு கோணங்களில் படம் பிடித்து, நீளம், அகலம், மின்திறன், வெளிப்புறச் சிராய்ப்புகள் அனைத்தையும் குறிப்பிட்டு இணையத்தில் விளம்பரம் போட்டேன். சரக்கு ஆய்வறிக்கை மாதிரி இருந்தது. ஓவனைப் பற்றித் தெரிந்தவள் அவள் என்பதால் அவளுடைய எண்ணையே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவன் அவளை அழைத்துப் பேசினான். பாதுகாப்புப் படையில் அதிகாரி, தூத்துக்குடிக்கு மாற்றலாகி வருகிறான், மனைவிக்குக் கேக் செய்யப் பிரியம், தான் முகாமை விட்டு வரமுடியாது, முழு விலையையும் இப்போதே போட்டுவிட்டு வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வான். என் தாளில் இருந்த மூன்றாவது விதி அப்படியே உயிர்பெற்று வந்து பேசிக்கொண்டிருந்தது. நானோ முன்னறையில் குறுக்கெழுத்துப் போட்டியில் முனைந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. “எடது மூலையில சூடு கொஞ்சம் கூடுதல், கேட்டியளா. பாதி வெந்ததும் தட்டத் திருப்பி வச்சிரச் சொல்லுங்க. மக்ரூனுக்குக் கதவ முழுசா அடைக்கப்பிடாது. ஒரு கரண்டிக் காம்பு நொழையுத அளவுக்குத் தொறந்திருக்கணும்.” முந்திரியை எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது, மழைக்காலத்தில் என்ன செய்வது, எல்லாவற்றையும் சொன்னாள். அவ்வளவு உற்சாகமான குரலை நான் அந்த வருடத்தில் கேட்டிருக்கவில்லை. அவனும் பொறுமையாகக் கேட்டான். அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும், நான் கேட்டதில்லை.

அவள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுச் சாமானை விற்றால், விலையிலிருந்து ஒரு ரூபாயை வாங்குகிறவர் கையில் திருப்பிக் கொடுப்பார்கள். பொருள் போனாலும் வீடு வெறுமையாகிவிடக் கூடாது, வாங்கிப் போகிறவருக்கும் அது ராசியாக இருக்கவேண்டும் என்பது கணக்கு. இதையும் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சட்டென்று, அந்த ஒரு ரூபாயை இப்போதே அனுப்புங்கள் அம்மா, ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்றிருக்கிறான். அனுப்பினாள். அடுத்த நிமிடம் அவன் இரண்டு ரூபாயாகத் திருப்பிப் போட்டான். பிறகு விலைக்கான குறியீடு வந்தது. அதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும் என்றான்.

அப்போதுதான் அவள் கதவருகே வந்து, போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னைக் கேட்டாள். “ஏங்க, ரகசிய நம்பர் போடச் சொல்லுது. போட்டுரட்டுமா?”

நான் தலையை நிமிர்த்தவில்லை. “கேக்குதத போடு” என்றேன்.

சில நிமிடங்களில் மறுபடி வந்து நின்றாள். “ஏங்க, வரல. போயிட்டு.” வருடக்கணக்கில் பண்டிகை ஆர்டர்களில் சேர்த்த பணம் அது. முதல் குறியீடு தவறிவிட்டது, இன்னொன்று அனுப்புகிறேன், இரண்டும் சேர்ந்து வந்துவிடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். இந்த முறை அவள் என்னைக் கேட்கவில்லை. “ஒரு தடவ போனது போதும் தம்பி” என்று சொல்லி அவளாகவே துண்டித்துவிட்டாள். விதிகளைத் தட்டச்சு செய்தவன் அனுமதி கொடுத்தான்; அந்தத் தாளில் மக்ரூன் ஆறவைத்தவள் நிறுத்தினாள்.

அதன்பிறகு நான் விழித்துக்கொண்டேன். உதவி எண்ணுக்குப் பேசி, வங்கிக்குத் தெரிவித்து, கணக்கை முடக்கி, இணையத்தில் புகார் பதிந்து, எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன். நடைமுறையில் ஒரு குறையும் கிடையாது. மாலையில் வங்கியின் புகார்ப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். பதினோராவது கேள்வி: பரிவர்த்தனைக்கு முன் வேறு எவரையேனும் கலந்தாலோசித்தீர்களா? ‘இல்லை, தாமாகவே செய்தார்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தாள்.

“நான் ஒங்கள்ட்ட கேட்டேம்லா?”

“அது அப்படித்தாம்ளா எழுதணும். ரெண்டு பேரு சேந்து செஞ்ச தப்புன்னா கோப்பு நிக்காது. தனியா ஒரு வயசான பொம்பள ஏமாந்துட்டான்னாதான் எரக்கப்படுவான்.”

“சரிதான். நீங்க ஆபீசரு. ஒங்களுக்குத் தப்புப் பண்ணத் தெரியாதே” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கோப்பு நிற்பதற்காக மட்டும் நான் அப்படி எழுதவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாரமே சங்கச் செயலாளர் விசாரிக்க வந்தார். “என்ன அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் நோட்டீசு குடுத்திய, ஒங்க வீட்டுலயேவா?” என்று சிரித்தார். நான் குரலைத் தாழ்த்தி, “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல அண்ணாச்சி” என்றேன். தாழ்த்தியும் பயனில்லை. எங்கள் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது எனக்குத் தெரிந்ததுதான். காபி கொண்டுவந்தவள் அவருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

அவள் அதைக் குத்திக்காட்டியது குறைவு. ஏமாந்ததைப் பற்றிப் பேசும்போதுகூட வேறொன்றைத்தான் சொல்லுவாள். “ரூவாயத் திருப்பிப் போட்டாம்லா, அப்பவே நெனச்சிருக்கணும். வீட்டுக்குச் சாமான் வாங்குதவன் அந்த ரூவாயப் பத்திரமால்லா வச்சிக்கிடுவான்?” என் மூன்று விதிகளைவிட அது கறாரான சோதனை. சங்கத்துத் தாளில் நான் அதைச் சேர்த்திருக்கவேண்டும். ஓவனை விற்கும் பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து வங்கியின் முடிவு வந்தது. எவரையும் கலந்தாலோசிக்காமல் வாடிக்கையாளர் தாமாகவே இரகசிய எண்ணைப் பதிவு செய்திருப்பதால், இது அவரது கவனக்குறைவு. தொகை திரும்பத் தரப்படமாட்டாது. அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். “நல்லா எழுதியிருக்காவ. ஒங்க வார்த்த மாதிரியே இருக்கு” என்றாள். என் வார்த்தையேதான். பதினோராவது பதிலிலிருந்து எடுத்திருந்தார்கள். அன்றே நான் ஒரு திருத்தம் எழுதியிருக்கலாம். எழுதாமல் மேல்முறையீடு எழுதினேன். அதிலும் அந்த வாக்கியத்தை அப்படியே வைத்திருந்தேன், இன்னும் சற்று மெருகேற்றி. ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மேல்முறையீடு அப்போதும் நிலுவையில் இருந்தது.

அந்த டிசம்பரில் நான் ஓவனைத் துடைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகவே சூடேறியது. முந்திரி வாங்கினேன், முட்டை வாங்கினேன், நுரையும் ஒருவாறு வந்தது. தட்டைப் பாதியில் திருப்பவேண்டும், கதவைக் கரண்டிக் காம்பு அளவுக்குத் திறந்து வைக்கவேண்டும் என்பதுவரை தெரியும். எத்தனை நிமிடம் என்பது தெரியாது. மழைக்காலத்தில் முந்திரியை என்ன செய்யச் சொன்னாள் என்பதும் தெரியாது. சுவர் வழியாக அந்த இடத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்போது குறுக்கெழுத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்குவத்தை ஒன்று விடாமல் கேட்ட ஒரே மனிதன் அந்தத் திருடன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: புகார் நகலில் இருந்த அவன் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். பணத்தைக் கேட்பதற்காக அல்ல. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. தட்டிலிருந்த மக்ரூன் இடது பக்கம் கருகி, வலது பக்கம் ஒட்டிக்கொண்டது. அதைத் தின்றேன். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லிச் சிரித்திருப்பாள் என்று யோசித்தபடி கடைசித் துண்டுவரை தின்றேன்.

மறுநாள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றேன். வங்கிக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். காலஞ்சென்ற என் மனைவியின் புகாரில் பதினோராவது கேள்விக்கான விடை தவறு. அவர் கணவரைக் கலந்தாலோசித்தார். கணவர், கேட்பதைப் போடு என்றார். கவனக்குறைவு கணவருடையது. தொகை எதுவும் கோரவில்லை. ஆவணத்தைத் திருத்தி, திருத்தியதைத் தெரிவிக்கவும். முடிந்துபோன கோப்பைத் திறக்க விதி இல்லை என்று கிளையில் இருந்த பெண் அதிகாரி கனிவாகச் சொன்னார். விதி இருக்கிறது, இன்ன பிரிவு என்று நான் சொன்னேன். “இதனால ஒங்களுக்கு என்ன சார் கெடைக்கும்?” என்று கேட்டார். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன்.

பதில் மூன்றே வரி. பதினோராவது கேள்விக்கான விடை ‘ஆம், கணவர்’ எனத் திருத்திப் பதிவு செய்யப்பட்டுள்ளது. முடிவில் மாற்றம் இல்லை. கடிதத்தில் இட்டிருந்த தேதி ஜூலை பன்னிரண்டு. என் கைக்கு வந்தது ஜூலை இருபத்தாறு, மாதா கோவிலில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய நாள்.