அண்ணை என்று சொன்னதால்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் ஜெரிசன் அதிகம் கதைக்காதவன். ஐரோப்பாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன். அங்கே என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "அவை நம்பேல்லை" என்பான். அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த ஆண்டில் அவனை ஒரு இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோர் இல்லாத தனிப்பிள்ளை. தேடிப் போக ஆளில்லை. அதே கரையில் மீன்பிடித் தொழில் செய்த சந்தியோகுதான் முகாம் வாசலில் போய் நின்றார். "உவன் என்ரை வள்ளத்திலை வாற பொடியன். ஒரு பிரச்சினைக்கும் போகாதவன்" என்று பொறுப்பேற்றுக் கூட்டி வந்தார். ஜெரிசன் அதற்கு முன் அவருடைய வள்ளத்தில் கால் வைத்ததே இல்லை.

சில வாரங்களில், வள்ளங்கள் கரைக்கு வரும் காலை நேரம், சீருடை இல்லாத ஆட்கள் சந்தியோகுவை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் பின்னால் படுத்திருந்து ஜெரிசன் அதைப் பார்த்தான். அவர் திரும்பி வரவில்லை. அவன் நாட்டைவிட்டே ஓடினான்.

தஞ்சம் கேட்ட நாட்டில் முதல் விசாரணையில் அவனுக்காக வாதாடச் சட்டத்தரணி கிடைக்கவில்லை. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனிதர். "ஒரு அண்ணைதான் என்னை வெளியாலை எடுத்தவர். பிறகு அவரையும் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றான் ஜெரிசன். அது அவர் வாயில் உடன்பிறந்த அண்ணன் ஆகிவிட்டது. கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று அதே விசாரணையில் அவன் சொல்லியிருந்தான். இல்லாத சகோதரனைக் கற்பனை செய்கிறார் என்று மறுத்துவிட்டார்கள்.

மேன்முறையீட்டுக்கு அரசாங்கம் ஒரு சட்டத்தரணியைக் கொடுத்தது. வழக்கு நாளன்று, நீதிமன்றத் தாழ்வாரத்தில்தான் அந்தப் பெண்ணை அவன் முதன்முதலாகக் கண்டான். எங்களூரில் வயதில் மூத்த எவரும் அண்ணைதான் என்று விளக்கினான். அவள் அதை எடுத்துச் சொன்னாள். அது பின்னால் யோசித்துச் சொல்லும் சமாதானம் என்றார் நீதிபதி. அதற்கு மேல் போக இலவச உதவி இல்லை. விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, கோவில் வாசலில் சந்தியோகுவின் மனைவி அற்புதராணி அவனை மறித்தாள்.

"தம்பி, இவரைப் பற்றி அங்கை சொன்னனியோ?"

"சொன்னனான் அக்கா."

"என்ன எழுதினவை?"

அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று எழுதியதை அவளிடம் எப்படிச் சொல்வது? "எழுதினவை அக்கா" என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகு கடலில் எஞ்சினை நிறுத்தினால், வள்ளத்தின் முன்பக்கத்தில் யாரோ முதுகு காட்டி இருப்பது போலிருக்கும். ஜெரிசன் வலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பான்.

போன வருடம் அற்புதராணி அவன் வீட்டுக்கே வந்தாள். இலவச சட்ட உதவியோடு அவள் போட்ட ஆட்கொணர்வு மனு சாட்சியில்லாமல் கிடந்தது. "அண்டைக்கு நீ கரையிலை நிண்டனி எண்டு சனம் சொல்லுது. கண்டனியோ?"

"கண்டனான்" என்றான் ஜெரிசன்.

அவளுடைய சட்டத்தரணி, சந்தியோகு என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார். "நீலம். நான்தான் தோய்ச்சுக் குடுத்தனான்" என்றாள் அற்புதராணி. அன்றிலிருந்து அவன் கண்ணுக்குள் நீலச் சட்டைதான். ஆனால் அது தான் கண்டதா, அவள் சொன்னதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதே கேள்வியைத்தான் கேட்டார். ஜெரிசன் சொன்னான்:

"நிறம் ஞாபகமில்லை ஐயா. அவர் வானுக்குள்ளை ஏற முன்னம் என்னைப் பாத்தவர். நான் அதிலை படுத்திருக்கிறது அவருக்குத் தெரியும். காட்டிக் குடுக்கேல்லை."

வழக்கை இன்னொரு நாளுக்குத் தவணை போட்டார்கள். வெளியே வந்ததும் அற்புதராணி கேட்டாள்: "பயந்துபோய் நிண்டவரோ, தம்பி?"

"இல்லை அக்கா" என்றான் ஜெரிசன்.

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. இப்போதும் தவணைக்குத் தவணை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு அதையேதான் கேட்கிறாள். அவனும் இல்லை என்றே சொல்கிறான்.