பொன்ராஜ் பெயரில் வரும் காலை வணக்கம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் பொன்ராஜுக்கு நெடுநாளாக ஒரே வேலை. எந்தப் பெட்டிக்கு வாடகையில்லாத நாட்கள் முடியப்போகின்றன என்று பார்த்து, அதன் ஏஜென்ட்டைக் காலையில் ஆபீஸ் போனில் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கை இரண்டு வாக்கியம். மிச்சமெல்லாம் முட்டிவலி, கிரிக்கெட், எண்ணூர் ரோட்டு நெரிசல். ராயபுரத்து ஏஜென்ட் மஜீது பாயோடு மட்டும் டீ ஆறிப்போகும்வரை பேசுவார்.

வேலை என்பது அந்த இரண்டு வாக்கியம்தான் என்று நிர்வாகம் ஒருநாள் கண்டுகொண்டது. அதை நிரலாக எழுதித் தந்தவள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜஸீமா. கெட்டிக்காரி, அது அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

“சர்வர்லெஸ்ணா. இதுக்குன்னு நம்ம கிட்ட மிஷினே வேணாம். எங்கியோ கீற வாடகைக் கம்ப்யூட்டர்ல, நாம குறிச்ச நேரத்துக்கு எழுந்துக்கும். எல்லாருக்கும் மெசேஜ் போடும், பூடும்.”

“அப்பால நாள் பூரா இன்னா பண்ணும்?”

“அப்பால அது இல்லவே இல்லண்ணா.”

இல்லாத ஒன்றின்மேல் பொறாமைப்பட முடியும் என்று பொன்ராஜ் அதுவரை நினைத்ததில்லை.

ஆபீஸ் போனின் எண்ணையே அதற்குக் கொடுத்தார்கள். ஏஜென்ட்டுகள் எல்லோரும் அந்த எண்ணைப் பொன்ராஜ் என்றுதான் பதிந்து வைத்திருந்தார்கள். தெரியாத பெயரில் வரும் செய்தியைத் துறைமுகப் பக்கம் யாரும் திறப்பதில்லை. ஆகவே ஜஸீமா கடைசி வரியில் ‘அன்புடன், பொன்ராஜ்’ என்று சேர்த்தாள். கேட்டபோது அவரும் தலையாட்டினார். பிறகு அவரை யார்டு வாசலில் இருந்த கேட்டுக்கு மாற்றினார்கள். வரும் லாரிகளில் பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

போனில் இருந்த அந்தப் பொன்ராஜ் ஒருநாளும் தாமதிக்கவில்லை. அவனுக்கு இருமல் வரவில்லை. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் ஆளுக்கேற்ப வாழ்த்து அனுப்பினான். கேட்டைத் தாண்டிப் போகிற ஏஜென்ட்டுகள், “மரியாதையா எழுதறியேபா!” என்று கண்ணாடியை இறக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பதிலாக வந்த ரோஜாப்பூப் படங்களும் கைகூப்பும் பொம்மைகளும் அவனுக்கே போய்ச் சேர்ந்தன. மஜீது பாயோடு போனில் பேசுவது நின்றுபோயிற்று. பேசத்தான் ஒருவன் தினமும் வருகிறானே.

மனைவி ஜெயஸ்ரீ சிரித்தாள். “உன் பேர்ல ஒருத்தனாவது ஒழுங்கா வேலைக்கிப் போறான்னு சந்தோசப்படு நைனா.”

அவர் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். இன்னொருவன் நம்மைவிட நல்லவனாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நாமாகவே இருந்துகொண்டு நல்லவனாக இருந்தால் என்ன செய்வது?

மஜீது பாயின் அண்ணன் சௌக்கத் அலி இறந்த செய்தி, கேட்டில் ஒரு டிரைவர் சொல்லித்தான் பொன்ராஜுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை அடக்கத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். அண்ணனின் மையித்தை இறக்கக் குழிக்குள் இறங்குமுன், மஜீது பாய் தன் போனை அவர் கையில் கொடுத்தார். பொன்ராஜ் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அதிர்ந்தது. திரையில் பொன்ராஜ்.

‘காலை வணக்கம் மஜீது பாய். இந்த நாள் இனிதாகட்டும்.’ கீழே இரண்டு பெட்டிகளின் எண்கள்.

அழித்துவிடலாம். அழித்தால் அவனைக் காப்பாற்றியதாகும் என்று தோன்றியது. அப்படியே வைத்திருந்தார்.

மண் போட்டு, துஆ ஓதி முடித்து வந்த மஜீது பாய் திரையைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

“இன்னா பொன்ராஜு, பக்கத்துல நின்னுகினே அனுப்பறியா?”

“அது நான் இல்ல பாய். ஆபீஸ்ல புரோகிராம் போட்டுகீறாங்க. தானா வரும்.”

“ரம்ஜானுக்கு வந்துச்சே?”

“அதுவுந்தான்.”

மஜீது பாய் கைமண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். “அண்ணன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ தெனிக்கும் வந்துச்சிபா. போன் பண்ணலன்னாலும் பொன்ராஜு மறக்கலன்னு வூட்ல சொல்லிகினு இருந்தேன்.”

தனக்குச் சேர வேண்டிய திட்டையாவது அவன் வாங்கியிருக்கலாம். அதுமட்டும் தவறாமல் இவரிடம் வந்து சேர்ந்தது.

மறுநாள் ஜஸீமாவின் மேசைக்குப் போனார். “என் பேர எடுத்துடுமா.”

“எடுத்தா யாரும் தொறக்க மாட்டாங்கண்ணா.”

“தொறக்காட்டி போவட்டும். எடு.”

முகத்தைச் சுளித்தாலும் எடுத்தாள். அடுத்த நாள் காலை, கேட்டில் லாரி வரிசை ஹாரன் அடிக்க, தன் சொந்தப் போனிலிருந்து பொன்ராஜ் மஜீது பாயைக் கூப்பிட்டார். மணி நெடுநேரம் அடித்தது.

“யாரு?”

“பொன்ராஜு. நெசமாவே.”

“சொல்லு.”

அண்ணியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. பிறகு மஜீது பாயே கேட்டார்: “இன்னிக்கி பெட்டி எதுனா கீதா?”

பொன்ராஜுக்குத் தெரியாது. பட்டியலைப் பார்த்தே மாதக்கணக்காயிற்று. “உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே பாய்.”

“அத நான் தொறக்கறதா இல்ல. நீ சொல்லு.”

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, கேட்டு இன்டர்காமில் ஜஸீமாவைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைத் தனக்கு அனுப்பச் சொன்னார். வந்ததும் எண் எண்ணாக வாசித்தார். நாட்கள் சரியாக இருந்தன. எங்காவது ஒரு தப்பு அகப்படுமா என்று தேடிக்கொண்டேதான் வாசித்தார்.