பதினோராம் பக்கத்து மைசூர்பாகு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொல்லிமலையில் துணி காயாது, எதிரில் வருகிற ஆள் தெரியாது. எட்டு வயதில் ஒரே ஒரு வருடம் அந்த மழை எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே ஒரு அடி போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வைகாசியில் ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை, புரட்டாசியில் திரும்பி வந்துவிட்டாள். “மலைக்காரிக்குச் சாமைச் சோறும் குச்சிக்கிழங்கும் விட்டால் என்ன ஆக்கத் தெரியும்” என்றாளாம் மாமியார். மாமாவும் அதையே சொல்லிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அத்தையின் பையில் சேலை குறைவு, புத்தகம் அதிகம். பத்திரிகையோடு இலவசமாகத் தருவார்களே, அந்தச் சமையல் புத்தகங்கள். ஆடிக்கு ஒன்று, நவராத்திரிக்கு ஒன்று. தீபாவளிப் புத்தகத்தை அப்பா செம்மேட்டிலிருந்து வாங்கிவந்தார்.

மத்தியானமெல்லாம் ஒரே கம்பளிக்குள் நானும் அத்தையும். கதை போல வாசிப்பாள். “நெய் பிரிந்து நுரைத்து வரும்போது தட்டில் கொட்டவும்” என்றதும் எனக்கு எச்சில் ஊறும். படத்தை நக்கிக் குட்டு வாங்கியதும் உண்டு.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? அத்தை அதைத்தான் மலையாக நம்பியிருந்தாள். மாமாவுக்கு மைசூர்பாகு என்றால் உயிராம். பதினோராம் பக்கம். முதல் தடவை செய்ததை அம்மிக்கல்லால் உடைத்தோம். அடுத்தது களியாகிவிட்டது. தீபாவளிக்கு முதல்நாள்தான் படத்தில் இருப்பது போலவே ஓட்டை ஓட்டையாக வந்தது. அத்தை அழுதேவிட்டாள்.

“அத்தனையும் மாமாவுக்கா அத்தை?”

“ஆமாங் கண்ணு. ஒரு வாய் தின்னாப் போதும், கையோட கூட்டிட்டுப் போயிருவாரு.”

எனக்குப் பகீரென்றது. மைசூர்பாகும் போய்விடும், வாசிக்க அத்தையும் இருக்க மாட்டாள். சாமி படத்துக்கு முன் நின்று, மாமா வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பாவி, வேறெதற்கும் நான் அப்படிக் கண்ணை மூடி வேண்டியதில்லை.

தீபாவளியன்று கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு அத்தை பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தாள். சாயங்கால பஸ்ஸும் போன பிறகு அப்பா குடையோடு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“கொண்டை ஊசி வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கும். அதான் மாப்பிள்ளை வரல. எந்திரிச்சு வா சாமி.”

“மூணு பஸ்ஸும் வந்துச்சுல்லண்ணா” என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் தட்டோடு தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். அடேயப்பா, என் வேண்டுதலுக்கு இவ்வளவு சக்தியா!

“அடுத்த தீவாளிக்கும் மாமா வரலைன்னா நல்லாருக்கும் அத்தை” என்றேன் வாய் நிறைய.

அப்பா கையை ஓங்கிவிட்டார். அத்தை குறுக்கே வந்தாள்.

“வர மாட்டாருங் கண்ணு. நீ தின்னு.”

அத்தை சொன்னால் சொன்னதுதான். அடுத்த வருடம் என்ன செய்யச் சொல்லலாம் என்று, நெய்க் கையோடு அப்போதே புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். வாசித்துக் காட்ட அத்தை ஏன் கம்பளிக்குள் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.