சின்னிக்கு ஒரு கோட்டு

கடையில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவின் ஓரத்தில் ஒரே ஒரு வாய்ச் சோற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டன் தைக்கும் பெண் முடித்துவிட்டாளா என்று ஒரு பார்வை. இஸ்திரி போடுகிறவர் தண்ணீர் குடித்தாயிற்றா என்று இன்னொரு பார்வை. அதற்கப்புறம்தான் தன் கடைசி வாய். ஏன் என்று கேட்டால், "நான் ஸ்பூனைக் கீழ வச்சா எல்லாரும் வச்சாகணும், தம்பி. அரண்மனைச் சட்டம். கல்யாணமான புதுசுல நான் பாட்டுக்குக் கொறிச்சிட்டு எழுந்திரிச்சிடுவேன். மேசைக் கோடியில இருக்கறவங்களுக்கு அப்பத்தான் தட்டே வந்திருக்கும். எத்தனை பேரைப் பட்டினி போட்டேனோ" என்பார்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் தையல் கடை அது. புதிதாக எதுவும் தைப்பதில்லை. இறுக்கிப் பிடிப்பது, தளர்த்தி விடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். மூலை மெஷினில் உட்காரும் எழுபத்தொரு வயது அம்மாள் இந்த நாட்டின் கடைசி ராணி. வாடிக்கையாளர்களுக்கு அது தெரியும். முதல் தடவை வாயைப் பிளப்பார்கள், இரண்டாம் தடவை ஜிப் ஆயிற்றா என்று கேட்பார்கள். கடைக்காரர் மட்டும் விடாமல் கேலி செய்வார்.

"மகாராணி, இந்தப் பேன்ட்டுக்கு இடுப்புல இன்னும் ரெண்டு இஞ்ச் விடணுமாம்."

"இருந்ததையெல்லாம் விட்டாச்சு. இனிமே அவர் வயித்தைத்தான் நிறுத்தச் சொல்லணும்."

யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்பட்டையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். "உங்களுக்கு இடது தோள் இறங்கியிருக்கு, தம்பி. பையை மாத்திப் போடுங்க" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். மாடிப்படியில் குழந்தைகள் மறித்துக்கொண்டு, "ராணியம்மா, கை ஆட்டிக் காட்டுங்க" என்று கெஞ்சும். "சும்மாவா? ஆளுக்கொரு மிட்டாய் குடுத்தா ஆட்டறேன்" என்று பேரம் பேசுவார். வசூலான பிறகு மணிக்கட்டு மட்டும் திரும்ப ஓர் ஆட்டு ஆட்டுவார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நான் ஒன்றும் ராஜ விசுவாசி இல்லை. எங்கள் வீட்டில் ராஜா, ராணிக்கெல்லாம் சீட்டுக்கட்டில் மட்டும்தான் இடம். முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன்னால் அரண்மனையைச் சூழ்ந்துகொண்ட கூட்டத்தில் இருபது வயதுப் பையனாக நானும் நின்றேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு ராணி உப்பரிகையில் வந்து சற்று நேரம் நிற்பது அந்தக் காலத்து வழக்கம். அன்றைக்கும் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தொண்டை கிழிய நான் கத்திய வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. நாங்கள் உப்பரிகையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக ஒரு கார் போய்விட்டது.

மன்னருக்கு ராஜாவாக இருப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. அடைக்கலம் புகுந்த அந்நிய ஊரில் அந்த வேலைக்கு ஆள் எடுப்பதில்லை. மூன்றாம் வருடமே போய்ச் சேர்ந்தார். ராணி ஒரு சீருடைத் தொழிற்சாலையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் காலர் தைத்தார். திரும்பி வரலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, வந்தவுடன் அரண்மனையைக் கேட்பார், நகையைக் கேட்பார் என்று பத்திரிகைகள் ஆரூடம் சொல்லின. நானும் எழுதினேன். அவரோ வந்து இறங்கியதும், சூழ்ந்துகொண்ட நிருபர்களிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, இந்த விலாசத்துக்கு எந்தப் பஸ் என்று கேட்டார்.

அது சின்னியின் விலாசம்.

சின்னி அரண்மனையில் ராணிக்கு உடுத்திவிட்டவள். ராணியைவிட இரண்டு வயது இளையவள். உயரம், தோள், இடுப்பு எல்லாம் இருவருக்கும் அச்சு அசல் ஒன்று. அளவெடுக்கும்போது நிற்க ராணிக்குப் பொறுமை இருக்காது. அவருக்குப் பதில் சின்னிதான் நிற்பாள். ராணியின் பெட்டியில் இருந்த அத்தனை உடுப்பும் சின்னியின் உடம்பில் அளவெடுத்தவை. அன்று மாலை நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு உப்பரிகையில் நின்றவளும் சின்னிதான். இளவயதில் நான் கத்திய வசவெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஐம்பது தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"அரை மணியில கார் திரும்பி வந்து உன்னைக் கூட்டிக்கும்னு சொன்னேன்" என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் சொல்லவில்லை. டிரைவர் பயந்து ஓடியிருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கார் வரவில்லை. சின்னிக்கு ஆறு வருடச் சிறை.

வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. வியாழக்கிழமைதோறும் அவர் சின்னி வீட்டுக்குப் போவார். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவை அரையடி திறந்துகொண்டு சின்னியின் தங்கை மகள் நிற்பாள். "பெரியம்மா தூங்கறாங்க." அடுத்த வாரமும் பெரியம்மா தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு வருடமாக ஒருத்தி வியாழக்கிழமை மட்டும் இப்படித் தூங்குவாளா? அந்த அம்மாளுக்கும் அது தெரியும். "உரலுக்குள்ள தலையைக் குடுத்துட்டு உலக்கைக்குப் பயந்தா ஆகுமா, தம்பி? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். இல்லேன்னா எனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்பார். மனசுக்குள் திட்டிக்கொண்டே நான் குடையும் கையுமாகக் கூடப் போவேன். அவர் முழங்கால் அப்படி.

குளிர் தொடங்கியதும் சின்னிக்கு ஒரு கோட்டு தைக்க உட்கார்ந்தார். சாம்பல் நிறத் துணி. "நீலம் அவளுக்கு வேண்டாம்" என்றார். கடையடைத்த பிறகு உட்கார்ந்து ஒரு மாதம் தைத்தார். ஆளைப் பார்க்காமல் அளவுக்கு என்ன செய்வீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். "அவ அளவு எனக்குத் தெரியாதா?" என்று கண்ணாடி முன்னால் நின்று தன் தோளில் டேப்பை வைத்துக்கொண்டார்.

போன வியாழக்கிழமை கதவு முழுசாகத் திறந்தது. "பெரியம்மாதான் உள்ள விடச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம்" என்றாள் தங்கை மகள்.

ஜன்னலோரம் ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. முதுகு வளைந்து, கழுத்து முன்னால் நீண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்கு இருந்தாள் சின்னி. அந்த அம்மாள் கிட்டே போனார். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். சின்னி எழுந்து தானாகவே கோட்டைப் போட்டுக்கொண்டாள். கோட்டுக் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. தோள் முழங்கைக்கு இறங்கியது. முன்பக்க ஓரம் தரையைத் தொட்டது.

"உங்க அளவுக்குத் தச்சிருக்கீங்க."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே, சின்னி."

"ஆறு வருஷம் குனிஞ்சு நிக்கற ரூமுல இருந்தேன். அளவு அப்படியேவா இருக்கும்?"

தங்கை மகள் வாசலைப் பார்த்தாள். நானும் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் நகரவில்லை.

"அரை மணின்னு சொன்னேன் இல்ல... கார் வராதுன்னு எனக்குத் தெரியும், சின்னி. அனுப்பச் சொல்லி நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. உண்மையைச் சொன்னா நீ அங்க நிக்க மாட்டேன்னு பயந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருடமாகக் குடை பிடித்தவன் நான். அந்த நிமிடம் அவரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பேன். சின்னி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்கும் தெரியும். கோட்டுக்குப் பட்டன் போட்டுவிட்டீங்களே, அன்னிக்கு என் மூஞ்சியையே பார்க்கல நீங்க. தெரிஞ்சுதான் போய் நின்னேன்."

"பெரியம்மா, போகச் சொல்லட்டுமா?" என்றாள் தங்கை மகள்.

அந்த அம்மாள் பையிலிருந்து டேப்பை எடுத்தார். எடுத்தவருக்கு நீட்டத் தைரியம் வரவில்லை, கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். சின்னி கோட்டைக் கழற்றி நாற்காலியின் மேல் மடித்துப் போட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். வளைந்த முதுகை முடிந்தவரை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.